மூன்று உயிர்களும் ஒரு சிவப்புப் பொத்தானும்

புதிதாக ஆட உட்காருகிறவர்களுக்கு முதல் குறிப்பு: உங்கள் விண்கலத்தைப் பார்க்காதீர்கள். அது எங்கே நிற்கிறது என்பது இடது கைக்குத் தெரியும். கண் திரையின் மேல் பாதியில் இருக்கட்டும். எதிரிக் கலங்கள் வரிசையாக அங்கேதான் ஆடிக்கொண்டு நிற்கின்றன. எது பிரிந்து கீழே பாயப்போகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

இரண்டாவது: சுட்ட குண்டு எதன் மீதாவது பட வேண்டும், அல்லது திரையின் உச்சிக்குப் போய் மறைய வேண்டும். அதுவரை அடுத்த குண்டு கிளம்பாது. ஆகவே சிவப்புப் பொத்தானைப் படபடவென்று தட்டுவதில் பயனில்லை. குறி தவறினால் அந்தக் குண்டு மேலே போய்ச் சேரும்வரை நீங்கள் வெறுங்கையோடு நிற்கிறீர்கள்.

மூன்றாவது: மூலையில் ஒதுங்காதீர்கள். மூலை பத்திரமான இடம்போலத் தோன்றும். பாய்ந்து வரும் கலம் வளைந்து திரும்புவது அங்கேதான்.

விடுதித் தோழிகளே, இந்தக் குறிப்புகளை நீங்கள் என்னிடம் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. பெங்களூர்க்காரி தன் அண்ணன் வீட்டிலிருந்து அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து நம் பார்வையாளர் கூடத்து டிவியில் மாட்டிய அன்று, நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒரு கை பார்த்த பிறகு என்னையும் பிடித்து உட்காரவைத்தீர்கள். என் விரல்கள் என்னைக் கேட்காமலே ஆடின. "ஏய், எங்கடி கத்துக்கிட்ட?" என்று கூச்சல் போட்டீர்கள். "ஊர்ல" என்று சொல்லிவிட்டு, துவைக்கத் துணி இருப்பதாக எழுந்து போய்விட்டேன். போன ஞாயிறு என் அப்பா வந்தபோது நடந்ததில் பாதியை நீங்களே பார்த்தீர்கள். மீதியை நானாகச் சொல்லிவிடுவதுதான் முறை. இந்த ஓசூர் விடுதியில் சமையலக்காவுக்கு அடுத்து வயதில் மூத்தவள் நான்தான். மூத்தவளுக்குப் பழைய கதை சொல்லும் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தது கன்னியர் நடத்திய ஒரு பள்ளியில். அங்கேயே போர்டிங். எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம், நல்லம்பள்ளியைத் தாண்டி உள்ளே. எங்கள் வீட்டில் ராகியும் மரவள்ளியும் போய், அந்தச் சமயம்தான் பட்டுப்புழு வளர்ப்பு வந்திருந்தது. புழுவுக்கு நேரம் காலம் கிடையாது. அது தின்னத் தொடங்கினால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் மல்பெரித் தழை பறிக்க வேண்டும். பெரியப்பா ஒவ்வொரு விடுமுறையிலும் அப்பாவிடம் சொல்வார்: "எட்டாவதே போதும்டா. இது என்ன கலெக்டருக்கா படிக்கப் போவுது? தழ பறிக்க ஆளு இல்லாம நான் அல்லாடிட்டு இருக்கறேன்." அப்பா எதிர்த்துப் பேசமாட்டார். "பாக்கலாங்கண்ணா" என்பார். அந்த 'பாக்கலாம்' அந்த வருட முழுப்பரீட்சையோடு முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வருடமும் மடத்துக்கு வெளிநாட்டுப் பார்சல் வந்தது.

வருடத்துக்கு ஒருமுறை வரும். பிரித்தால் அந்துருண்டையும் வாசனைச் சோப்பும் கலந்த மணம் வராந்தா முழுக்க அடிக்கும். நம் ஊர் வெயிலில் யாரும் போட முடியாத கம்பளிச் சட்டைகள், ஒரு பக்கம் எழுதிய கிறிஸ்துமஸ் அட்டைகள், ஜெபமாலைகள். அந்தத் தடவை அடியில், கம்பளிகளுக்கு நடுவே, ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. முகப்பில் மரம்போலத் தெரியும் பட்டை. அதிலிருந்து வயரில் தொங்கும் ஒரு கைப்பிடி, அதன் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான். கைப்பிடியின் அடியைச் சுற்றி மெத்தென்ற ரப்பர். அந்த ரப்பரின் மணத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும்: புதுச் செருப்பும் லேசான மண்ணெண்ணெயும்.

அட்டைப்பெட்டியின் மேலே எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாத பாஷை. நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் சிஸ்டருக்குப் புரிந்தது. கம்ப்யூட்டர்.

சிஸ்டரை நீங்கள் தவறாக நினைக்கக்கூடாது. திருச்சிப் பக்கம் பிறந்தவர். கணக்கும் ஞானோபதேசமும் சொல்லித் தந்தார். பத்திரிகைகளில் அந்தச் சொல்லைப் படித்திருந்தார். இனிமேல் எல்லாம் அதுதான் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. அது எங்கள் பிள்ளைகளைத் தேடி வந்துவிட்டது என்று அவர் நம்பினார். கையைக் கூப்பிக்கொண்டு, "பிள்ளைகளா, கடவுள் நம்மள மறக்கல" என்றார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஒரு சொட்டு உள்ளே போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மின்சாரத்தைப் பற்றி நான் முதலில் கவலைப்பட்டது அன்றைக்குத்தான்.

மடத்தில் ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. படம் எதுவும் வராது, கொசு பறப்பதுபோல் இரைச்சல்தான் வரும். அதன் பின்புறம் வயரைச் செருகி, குமிழைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று நின்று திரை கறுத்துவிடும். கறுப்பில் புள்ளிப் புள்ளியாக நட்சத்திரங்கள். அதற்குக் கீழே எதிரி வரிசை. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வோம்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் வகுப்பு. வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஐந்து பேருக்கு மட்டும். சிஸ்டருக்குத் தெரிந்த பாடமுறை ஒன்றே ஒன்றுதான். புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணை வாங்குவதற்கு, எங்களை எப்படித் தயார் செய்தாரோ அப்படியே இதையும் கேள்வி பதிலாக ஆக்கினார். நாங்கள் ஆடி ஆடிக் கண்டுபிடித்ததைச் சொல்லச் சொல்ல, அவர் அதை ஒழுங்கான வாக்கியமாக்கி மனப்பாடம் செய்யவைத்தார்.

"கம்ப்யூட்டர் என்றால் என்ன?"

"மனித மூளையைப் போல் சிந்திக்கும் மின்சாரப் பெட்டி."

"அதை இயக்குவது எது?"

"இடது கைப் பிடியும் வலது கைப் பொத்தானும்."

"அதில் எத்தனை உயிர்கள் உண்டு?"

"மூன்று உயிர்கள் உண்டு."

"மூன்றாம் உயிரும் போனால் செய்ய வேண்டியது என்ன?"

"அடுத்தவளுக்கு இடம் விட வேண்டும்."

கைகட்டி, ஒரே ராகத்தில் ஒப்பிப்போம். இதில் பாதி என் வாயிலிருந்து வந்தது. வரிசைப்படுத்திச் சொல்வது எனக்கு அப்போதே பழக்கம். ஓரத்தில் நிற்கும் கலங்கள்தான் முதலில் பிரியும், பாயும் முன் சத்தம் ஒரு படி இறங்கும், ஆகவே காதையும் தீட்டி வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் நான் சொன்னது. சிஸ்டர் என் தலையில் கைவைத்து, "இவளுக்குக் கம்ப்யூட்டர் மூளை" என்றார். இந்தப் பேச்சு அப்பா காதுக்குப் போனது.

அப்பா அதைச் சந்தைவரை கொண்டுபோய்விட்டார். "எம்புள்ள கம்ப்யூட்டரு படிக்குதுங்க." பட்டுப்புழு முட்டை விற்க வரும் கன்னடக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா மட்டும் மசியவில்லை. "அத நான் கண்ணால பாக்கோணும். பாத்துட்டு சொல்றேன், படிக்கோணுமா தழ பறிக்கோணுமான்னு."

பார்ப்பதற்கு ஆண்டு விழா வந்தது.

சிறப்பு விருந்தினர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர், சாமியாருக்குப் பழக்கமானவர். மேடையில் பூ வேலை செய்த துணி விரித்து, மேலே டிவி, பக்கத்தில் கறுப்புப் பெட்டி. மாலை வெயில் நேராகத் திரையில் விழுந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு பெண்கள் பெரிய கறுப்புக் குடைகளை விரித்துப் பிடித்தார்கள். குடைக்குள் நான், கைப்பிடி, திரை. எதிரே உட்கார்ந்திருந்த பெற்றோருக்குக் குடைத்துணிதான் தெரிந்தது. ஆனால் சத்தம் கேட்டது. சிஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு திரையின் ஓரத்தில் ஏறும் எண்ணைப் படித்தார். "நானூறு! நானூற்று ஐம்பது! எழுநூறு!"

கூட்டம் கைதட்டியது. பெரியப்பாவின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. "யப்பா! கூட்டல் எவ்ளோ வெரசா போடுது பாரு!"

"சும்மாவா பின்ன," என்றார் அப்பா. "போடறது அது இல்லீங்கண்ணா. நம்ம புள்ளதான் போட வெக்குது."

இன்ஜினியர் எழுந்து வந்து குனிந்து குடைக்குள் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, உடனே நின்றது. நிறுத்தினார் என்று சொல்வதுதான் சரி. பாதியில் நின்ற அந்தச் சிரிப்பு உதட்டின் ஒரு ஓரத்தில் அப்படியே இருந்தது.

"சார், நீங்களும் ஒருமுறை இயக்கிப் பார்க்கலாமே," என்றார் சிஸ்டர்.

அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து கைப்பிடியை வாங்கினார். என்னைவிட நன்றாக ஆடினார். ஓரத்துக் கலங்களை முதலில் சுட்டார், மூலைக்குப் போகவே இல்லை. கேள்வி பதில் படிக்காமல் இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

"சார், உங்களுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க அண்ணன் பையன்மா," என்றார் மெதுவாக. "பெங்களூர்ல. யூகேஜி படிக்கறான்."

பெங்களூரில் யூகேஜியிலேயே கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்கள், நாங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று நான் நினைத்தேன். சிஸ்டர் எங்கள் பக்கத்தில்தான் இருந்தார். அவர் கழுத்தில் ஏறிய சிவப்பை வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு இன்ஜினியர் மைக்கில் பேசினார். "இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணும் கையும் நல்லாப் பழகியிருக்கு. கவனம் இருக்கு. பொறுமை இருக்கு." எத்தனையோ தடவை இந்த மூன்று வாக்கியங்களைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூடப் பொய் இல்லை. ஒன்றில்கூடக் கம்ப்யூட்டர் என்ற சொல்லும் இல்லை.

விழா முடிந்து அவர் காரில் ஏறப்போகையில் பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் வழிமறித்தார். அப்பா இரண்டடி பின்னால். நான் அவருக்கும் பின்னால்.

"ஏனுங்க சார், இதப் படிச்சா இந்தப் புள்ளைக்கு ஒரு வழி பொறக்குங்களா? ஒடச்சி சொல்லீருங்க. இல்லீன்னா வூட்ல வேல கெடக்குது."

இன்ஜினியர் பெரியப்பாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"படிக்க வைங்க," என்றார். கார்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் ஒன்பதாவதுக்குப் போனது இப்படித்தான். அதற்கப்புறம் சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. கரண்ட் சரியில்லை என்றார் சிஸ்டர், பிறகு வயர் சரியில்லை என்றார். பெட்டி அலுவலக அறையில் மாதா சுரூபத்துக்குக் கீழே, பின்னல் துணி போர்த்தி இருந்தது. சிஸ்டர் என் தலையில் கைவைப்பதும் நின்றுபோனது. நான் என்னவோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து வருத்தப்பட்டேன். அடுத்த வருடமே அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும் அறிவு எனக்கு வந்தபோது அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த அறிவு வந்த நாளைச் சொல்ல எனக்கு இன்னும் காது சுடுகிறது. பாலிடெக்னிக் முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம். என் முறை வந்ததும், எட்டாம் வகுப்பிலேயே கம்ப்யூட்டர் படித்திருக்கிறேன் என்றேன்.

விரிவுரையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! எந்த லாங்குவேஜ்?"

"தமிழ்லதாங்க சார்."

முதல் சிரிப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். நான் உட்காரவில்லை. நம்பவில்லை என்று நினைத்து விளக்கினேன். கைப்பிடி, சிவப்புப் பொத்தான், மூன்று உயிர்கள். பின் பெஞ்சிலிருந்து சேலத்துப் பையன் ஒருவன் வாயால் சத்தம் கொடுத்தான்: "டிய்யூம், டிய்யூம்!" அந்த வருடம் முழுக்க என் பெயர் அதுதான். கேண்டீனில் நான் நுழைந்தால் யாராவது ஒருவர் சுடுவார்கள்.

ஆனால் அன்று இரவு எனக்கு வலித்தது அந்தச் சத்தம் இல்லை. குடையும் மைக்கும் நினைவுக்கு வந்தன. நானூற்று ஐம்பது, எழுநூறு. கைதட்டிய ஊர். அப்பாவின் சலவைச் சட்டை. பாதியில் நிறுத்திய அந்தச் சிரிப்பு. எங்கள் எல்லோருக்கும் மேலே நின்று ஒருவர் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறார். அந்த இரக்கத்தில்தான் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு விடுமுறையிலும் யாராவது வந்தால் அவர் ஆரம்பிப்பார்: "இது எட்டாவதுலயே..." நான் தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன்.

இனி உங்களுக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர்க்காரி ஆடிக்கொண்டிருந்தாள், ஆறேழு பேர் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தீர்கள். அப்பா புளி மூட்டையும் ராகி மாவுமாகக் கூடத்துக்குள் வந்தார். மூட்டையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அட! இது நம்ம ஸ்கூலு கம்ப்யூட்டரு!"

கூச்சல் அடங்கியது. அப்பா உங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "நீங்கல்லாம் இப்பத்தான் படிக்கறீங்களா? எம்புள்ள இத எட்டாவதுலயே முடிச்சிருச்சுங்கம்மா."

கம்பெனியில் பொருத்திய சர்க்யூட் போர்டில் ஒரு தப்பான இணைப்பைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. பெங்களூர்க்காரி கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாங்கப்பா, அவதான் எங்களுக்கே சொல்லிக் குடுக்கறா," என்றாள். மற்றவர்களும் தலையாட்டினீர்கள். அன்பாகத்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் அத்தனை பேர் உதட்டு ஓரத்திலும் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

நான் அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். அதுவரை உங்களுக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் நடந்தது இது.

"அப்பா, அது கம்ப்யூட்டர் இல்ல. விளையாட்டுச் சாமான். வெளிநாட்டுல சின்னப் பசங்க விளையாடறது."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அப்ப நம்ம ஸ்கூல்ல இருந்தது?"

"அதேதாம்ப்பா."

வெகுநேரம் புளி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

"அந்த சிஸ்டருக்குத் தெரியாதா?"

"மொதல்ல தெரியாது. அந்த இன்ஜினியர் வந்தன்னிக்குத் தெரிஞ்சிருக்கும்."

"பாவம்," என்றார். "எவ்ளோ ஆசயா மைக்குல படிச்சாங்க, பாவம்." கொஞ்சம் கழித்து, "அவரு ஏன் என் மூஞ்சியப் பாக்காமயே போனாருன்னு நான் ரொம்ப நாளா நெனச்சிருக்கறேன். என் சட்டை அழுக்கா இருந்துச்சோன்னு."

சட்டை சலவைக்குப் போய் வந்தது, எனக்கு நினைவிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வேறெதையோ சொல்லத் தொடங்கியிருந்தார். தன் தம்பியைப் பற்றி, என் சித்தப்பாவைப் பற்றி. சித்தப்பாவின் மகள் இந்த வருடம் எட்டாவது முடித்திருக்கிறாள். அவளை நிறுத்துவதாக இருந்தார்கள். அப்பா போய்ச் சண்டை போட்டிருக்கிறார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரல் உயர்த்திப் பேசியிருக்கிறார். அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதைப் படித்தவள்தான் இன்று ஓசூரில் வேலை செய்கிறாள் என்று. சித்தப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். அதைச் சொல்லத்தான் அப்பா அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"பெட்டி இன்னும் அங்கதான் இருக்குது," என்றார். "துணி போத்தி வெச்சிருக்கறாங்க. போன வாரம் போயிப் பாத்துட்டு வந்தேன்."

"சித்தப்பாகிட்ட நான் வேணா நெசத்தச் சொல்லி, வேற மாதிரி..."

"நெசத்தச் சொன்னா நாளைக்கே தழ பறிக்கக் கூட்டிட்டுப் போயிருவான்."

பேருந்து நிலையம் வரை அப்பா எனக்கு முன்னால் நடந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆறேழு வருடமாக ஊரெல்லாம் சொன்னதை உண்மை என்று நம்பிச் சொன்னவர். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சொல்லாமல் இருந்தபோது இருந்த வெட்கம் ஒன்று. சொன்ன பிறகு வந்தது வேறொன்று. இரண்டாவது இன்னும் கனமாக இருந்தது.

தர்மபுரி வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிரைவர் ஏறிவிட்டார். அப்பா ஜன்னல் கம்பி வழியாகக் குனிந்தார்.

"அந்தக் கேள்வி பதிலு ஒண்ணு சொல்லுவீங்களே. லீவுக்கு வந்தா வூட்ல ராகம் போட்டுச் சொல்லுவ. நெனப்பிருக்கா?"

"இருக்குதுப்பா."

"சொல்லு. உன் சித்தப்பன் கேட்டா நான் நாலு வார்த்த சொல்லோணும். அவன் புள்ளைக்கும் சொல்லித் தரோணும்."

பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்கிறவர் இருந்தார். கல்லூரிப் பையன்கள் இருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் என்றால் என்ன? மனித மூளையைப் போல் சிந்திக்கும் மின்சாரப் பெட்டி. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் சொல்வதுபோல் திருப்பிச் சொன்னார். நான் எவ்வளவு மெதுவாகச் சொன்னேனோ அவ்வளவு சத்தமாகச் சொன்னார். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை உயிர்கள் உண்டு? மூன்று உயிர்கள் உண்டு. வண்டி உறுமியது. நகரத் தொடங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"மூன்றாம் உயிரும் போனால் செய்ய வேண்டியது என்ன?"

இந்தப் பதிலை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கு நினைவிருந்தது. கண்ணைத் திறந்து, வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அடுத்தவளுக்கு இடம் விட வேண்டும்."